மச்சாளின் சோளம்

அந்த வருடம் மழை என் பக்கம் நின்றது. மனிதர்கள் யாரும் நிற்கவில்லை. ஆகவே மழைக்குத்தான் நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு அது. ஒக்லாந்துக்குத் தெற்கே, புகேகோஹே பக்கத்து வயல்களில், ஒவ்வொரு பண்ணையாகப் போய்ச் சோளம் அறுத்துக் கொடுக்கும் ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். அவரிடம் ஒரு ஹெடர் இருந்தது. அறுவடை இயந்திரத்துக்கு இங்கே அதுதான் பெயர். அதை அவர் ஓட்டுவார். நான் பக்கத்திலேயே ட்ராக்டரில் ஒரு பெரிய தொட்டியை இழுத்துக்கொண்டு போவேன். ஹெடர் நிற்காமல் அறுத்துக்கொண்டே, ஒரு நீளக் குழாய் வழியாக என் தொட்டிக்குள் மணியைக் கொட்டும். இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். நான் கொஞ்சம் விலகினாலும் சோளம் சேற்றில்தான் கொட்டும். தொட்டி நிறைந்ததும் வயல் வாசலில், படலையடியில் நிற்கும் லொறிக்குக் கொண்டுபோய்க் கவிழ்ப்பேன்.

ஒரு தமிழ்ப் பெண் இதையெல்லாம் எங்கே பழகினாள் என்று கேட்பார்கள். கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, ட்ராக்டர் இருந்தது. அவ்வளவுதான் கதை. அப்பா இடுப்பு முறிந்து படுத்த பிறகு நெல்வயலை உழுததும் மூட்டை ஏற்றி இறக்கியதும் நான்தான். எனக்கு இளையவள் ஒருத்தி இருந்தாள். அவளை வயலுக்கு இறங்க விடாமல் படிக்க வைத்தேன். அவள் யாழ்ப்பாணத்தில் ஆசிரியை ஆனாள். நான் கலியாணம் செய்து, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கணவரோடு ஒக்லாந்துக்கு வந்து, த்ரீ கிங்ஸில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினேன். அவருக்கு விரி என்ற பகுதியில் ஒரு களஞ்சியத்தில் வேலை. எனக்கு வீட்டுக்குள் இருந்து சுவரைப் பார்க்க முடியவில்லை. டெயரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடையில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார், ட்ராக்டரின் திறப்பைத் தந்தார், தொட்டியோடு பின்பக்கமாகப் படலைக்குள் விடச் சொன்னார். விட்டேன். மறுநாளே வேலை.

எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது என் கணவரின் அக்காவும், அதாவது என் மச்சாளும், அவரின் கணவரும். அவர்கள் எழுபதுகளிலேயே வந்தவர்கள், வசதியானவர்கள் வாழும் எப்சமில் சொந்த வீடு. மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் எஞ்சினியர், நல்ல மனிதர், மனைவி இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டார். மச்சாளுக்கு அந்தக் குறை இல்லை. எங்களைக் கூப்பிட்டதை அவர் வருகிற போகிற எல்லோருக்கும் சொல்வார். அந்த நன்றிக்காகத்தான் நான் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை மச்சாளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தே சொன்னார்.

"நீர் உந்த வேலையை விடும். நாலு பேர் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"ட்ராக்டர் ஓட்டுறா எண்டு சொல்லுங்கோ மச்சாள்."

"வெள்ளைக்காரனோட தனியா வயல் வழிய நிக்கிறது எங்கட குடும்பத்துக்கு அழகில்லை. சொல்லுறதைச் சொல்லிப்போட்டன்."

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், வேலையை விடவில்லை. முதலாளியின் மனைவிதான் எங்களுக்கு ஸ்மோகோ என்கிற இடைவேளையில் தேநீரும் ஸ்கோனும் கொண்டுவருபவர், மகன்மார் இரண்டு பேரும் லொறி ஓட்டுபவர்கள் என்றெல்லாம் விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கேட்கிற காதுக்குத்தானே சொல்லலாம்.

அதற்குள் தங்கைக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை எப்சமில் தாயோடு இருக்கிற கணக்காளர். சாதகம் பொருந்தியது. தாய் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து, தங்கையின் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் அன்றைக்கே மனத்துக்குள் விசாவையும் விமானத்தையும் பார்த்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் அப்போது கோட்டையிலிருந்து இராணுவத்தினர் ஷெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் படிப்பித்த பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அவளை அழைப்பதற்கு நாங்கள் போட்ட விண்ணப்பம் ஒருதடவை திரும்பி வந்திருந்தது. அவளுக்கு வெளியே வருவதற்கு மிஞ்சியிருந்த ஒரே வாசல் இந்தக் கலியாணம்தான்.

மார்ச் மாதம் மாப்பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்தார். குரலில் ஒரு வெட்கமும் இல்லை.

"பிள்ளை, குறை நினையாதையும். மூத்தவ வெள்ளைக்காரனோட வயல் வயலாத் திரியிறா, அங்க என்ன நடக்குதோ ஆருக்குத் தெரியுமெண்டு உம்மட சொந்த மச்சாளே சொல்லேக்க, நாங்கள் இளையவவை எப்பிடி எடுக்கிறது?"

ரிசீவரை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். "அக்கா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா" என்றார். அன்று அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு விடவில்லை.

மச்சாள் மேல் எனக்கு வந்தது கோபம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். கோபம் ஆறிவிடும். எனக்கு அவரை மண்ணில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி அண்ணையின் வயலில் முளைத்திருந்தது. அவருக்கு ஓய்வு பெற்ற பிறகு கமம் செய்கிற ஆசை. புகேகோஹேயிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு துண்டு நிலம் வாங்கி, முந்தின ஒக்டோபரில் முதல்தடவையாகச் சோளம் போட்டிருந்தார். மச்சாள் அங்கே போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பல மைல் சுற்றளவில் உள்ள தமிழர்களுக்கெல்லாம் "எங்கட தோட்டம்" என்று சொல்லி வைத்திருந்தார். அறுவடைக்கு என் முதலாளியை ஒழுங்கு செய்து கொடுத்தது நான்தான். அப்போது எங்களுக்குள் சண்டை இல்லை.

பிறருக்கு அறுத்துக் கொடுக்கிற தொழிலில் ஒரு முறை இருக்கிறது. யாருடைய வயலுக்கு எப்போது போவது என்பதை வானமும் நிலமும்தான் தீர்மானிக்கும். முதலாளி ஒவ்வொரு வயலாகப் போய்க் குதிக்காலால் மண்ணைக் குத்திப் பார்ப்பார். குதி புதைந்தால் ஹெடரும் புதையும். புதையாத வயல்காரருக்கு உடனே சொல்லியனுப்புவார். அவர் வருகிறேன் என்ற நாளில் ஒரு வயல்காரர் இன்றைக்கு வேண்டாம் என்றால், அந்த ஆள் வரிசையின் கடைசிக்குப் போவார். அதில் பணக்காரன், சிநேகிதன், முதலாளியின் தம்பி என்று வித்தியாசம் இல்லை. விதைக்கும் முன்பே இதை அண்ணைக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். மச்சாளும் பக்கத்தில்தான் இருந்தார். சொந்தக்காரருக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைத்திருப்பார்.

ஏப்ரல் தொடங்கியதிலிருந்து மழை. ஒக்லாந்து மழை எங்கள் ஊர் மாரி அல்ல, கொட்டிவிட்டு ஓயாது. தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வரும், பின்னால் ஒரு தூறல் வரும், வெயில் முகம் காட்டும், சட்டை காய்வதற்குள் மறுபடி தூறும். சோளம் காய்ந்து நின்றது, நிலம் காயவில்லை. நாங்கள் முதலாளியின் கொட்டகையில் கம்பூட்ஸோடு உட்கார்ந்து தேநீர் குடித்தோம். ஹெடர் ஒரு மூலையில் சும்மா நின்றது. தொலைபேசி மட்டும் ஓயவில்லை. ஒவ்வொரு பண்ணைக்காரரும் தன் சோளம்தான் முதலில் சாய்ந்து விழப்போகிறது என்று சொன்னார். எங்களுக்கும் விரல்கள் விறைத்து, வாயில் வேறு கதையில்லாமல் போனது.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காற்று திரும்பியது. செவ்வாய் நல்ல வெயில். மதியம் முதலாளி சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, உன் ஆட்களின் நிலம்தான் நன்றாக வடிந்திருக்கிறது, நாளை காலை அங்கே தொடங்குவோம், மழை வியாழன் பின்னேரம் திரும்பும் என்கிறார்கள், போன் பண்ணிச் சொல் என்றார். கொட்டகையில் நின்றபடியே மச்சாளுக்கு எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை என் மனத்தில் எந்தத் திட்டமும் இல்லை. தானாக வந்து மடியில் விழுந்தது.

"நாளைக்கோ?" என்றார் மச்சாள். "நாளைக்கு அட்டமியெல்லே. கலண்டரில கிடக்கு. வியாழன் நவமி. முதன்முதல் புதிர் எடுக்கிற வயலில ஆரும் அட்டமி நவமியில கை வைப்பினமே? வெள்ளிக்கிழமை வரச் சொல்லும். பத்தரைக்கு முதல் நல்ல நேரம்."

புதிர் எடுப்பது என்பது முதல் விளைச்சலில் ஒரு பிடியை நல்ல நாள் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவருவது. நெல்லுக்குச் செய்வதை மச்சாள் சோளத்துக்குச் செய்யப் பார்த்தார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் நாள் பார்க்கிறவள்தான். சஷ்டி பிடிக்கிறவள். ஆகவேதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. மச்சாளின் சுவரில் தொங்கியது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கலண்டர். அதில் புதன் காலை எட்டு மணிக்கு அட்டமி தொடங்குகிறது என்றால், அது யாழ்ப்பாணத்துக் காலை எட்டு மணி. ஒக்லாந்தில் அப்போது பிற்பகல் இரண்டரை ஆகியிருக்கும். அதுவரை இங்கே சத்தமி. புதன் காலையில் ஹெடரை இறக்கியிருந்தால் சத்தமியில், நல்ல நாளில், தாராளமாகப் புதிர் எடுத்திருக்கலாம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்வதும் நம்மவர்கள்தானே.

இதை மச்சாளுக்கு ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். ஊரில் நாள் சரிவராவிட்டால், இருக்கிற நல்ல நேரத்தில் ஒரு பிடி கதிரைக் கையால் அறுத்து வீட்டில் வைத்துவிடுவார்கள், பிறகு எந்த நாளிலும் வயலை வெட்டலாம். அன்று பின்னேரமே அண்ணை போய் நாலு சோளப்பொத்தி முறித்துக்கொண்டு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் விழுங்கினேன்.

"ஓம் மச்சாள், வெள்ளிக்கிழமை எண்டு சொல்லிவிடுறன்" என்றேன். குரலில் தேன் வடிந்தது.

முதலாளியிடம், அவர்கள் நாளைக்கு வேண்டாம் என்கிறார்கள் என்றேன். தோளைக் குலுக்கினார். மச்சாளின் சோளம் கடைசிக்குப் போனது.

புதன்கிழமை எப்படி விடிந்தது தெரியுமா! வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நாங்கள் மச்சாளின் வயலுக்கு எதிர்ப்புறம், தெருவுக்கு மற்றப் பக்கத்தில் இருந்த வயலை அறுத்தோம். தொட்டி நிறைய நிறைய மஞ்சள் மணி. ஒவ்வொரு தடவையும் லொறிக்குத் திரும்பும்போது மச்சாளின் சோளம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தேன். இரண்டரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தேன். இப்போதுதான் அட்டமி பிறக்கிறது, மச்சாள்.

வியாழன் பின்னேரம் சொன்னபடி மழை வந்தது. வெள்ளிக்கிழமை காலை அண்ணையும் மச்சாளும் தேங்காய், கற்பூரம், வெற்றிலையோடு குடை பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றார்களாம். பத்தரை மணிவரை நின்றார்களாம். கணவர் கவலையோடு வந்து சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தேன். அன்றைக்குப் போல் ருசியாக நான் என்றைக்கும் சமைத்ததில்லை.

அதற்குப் பிறகு நல்ல நாள் என்பதே வரவில்லை. அரை நாள் காயும், வரிசையில் முன்னுக்கு நிற்கிற யாருடைய வயலையாவது அவசரமாக அறுப்போம், மறுபடி பெய்யும். ஜூனில் ஒரு புயற்காற்று வந்து மச்சாளின் சோளத்தில் பாதியைச் சாய்த்துவிட்டது. தண்டு அழுகிய சோளம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தது. புகேகோ பறவைகள் வந்து பொத்தியைக் கொத்தின. அண்ணை வேலை முடிந்து தினமும் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வருவாராம். அண்ணை பாவம். அதை நான் அப்போதும் நினைத்தேன். நினைத்துவிட்டு, மச்சாள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா இருந்தவர்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மச்சாளின் குரல் மாறியது. என்னைப் பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கினார். தன் தம்பியான என் கணவரிடம் வடை கொடுத்தனுப்பினார். குளிருக்குள் வேலை செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமாம், அவருக்கு என்னை நினைத்தால் நித்திரை வருகுதில்லையாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. வடையைக் கணவர் சாப்பிட்டார், நான் தொடவில்லை.

கடைசியில் மிஞ்சியது மச்சாளின் வயல் மட்டும்தான். முதலாளி போய்க் குதிக்காலால் குத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். விட்டுவிடலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஹெடர் எப்படியும் சமாளித்துக்கொள்ளும், நிறைந்த தொட்டியோடு புதையப்போவது நீதான், நீ முடியும் என்றால் போவோம், முடியாது என்றால் இந்த வருடம் இத்தோடு சரி என்றார். மச்சாளின் சோளம் முழுக்க என் வாயில் ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அதை அண்ணையிடம் முதலாளியே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மச்சாள் தனியாக எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, அவர் சாப்பிடுறாரில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிடும்."

"சொல்லலாம் மச்சாள். நீங்கள் சொன்ன வார்த்தையை முதல்ல திருப்பி எடுங்கோ."

"எந்த வார்த்தை?"

"எந்த வார்த்தையெண்டு உங்களுக்குத் தெரியும்."

மச்சாள் நிலத்தைப் பார்த்தார். கணவர் எழும்பி வெளியே போனார், புத்திசாலி.

"நீர் கெட்டனீர் எண்டு நான் சொல்லேல்லை. ஆருக்குத் தெரியுமெண்டுதான் சொன்னனான்."

"அதுதான் மச்சாள் கெட்ட சொல். தெரியுமெண்டு சொல்லியிருந்தா நான் இல்லையெண்டு சொல்லியிருப்பன். ஆருக்குத் தெரியுமெண்டா நான் ஆரைக் கொண்டு வந்து காட்டுறது?"

எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். மாப்பிள்ளையின் தாயைப் புதிர் எடுக்க வரச் சொல்லி வயலுக்குக் கூப்பிட வேண்டும். நான் வேலை செய்கிற இடத்தில், முதலாளி, அவர் மனைவி, மகன்மார் எல்லோரும் நிற்கும்போது, அன்றைக்குச் சொன்னது பொய் என்று அந்தத் தாயின் முகத்துக்கு நேரே மச்சாள் சொல்ல வேண்டும். படலையடியிலும் மூலைகளிலும் சாய்ந்து கிடக்கும் சோளத்தை ஹெடரால் எடுக்க முடியாது, கையால்தான் பொறுக்க வேண்டும். அதை மச்சாள்தான் பொறுக்க வேண்டும், அண்ணை அல்ல.

"நானோ?" என்றார் மச்சாள்.

"எங்கட தோட்டமெண்டு சொன்னனீங்கள்தானே."

புதன்கிழமை போனோம். இந்தத் தடவை யாரும் கலண்டர் பார்க்கவில்லை. மழை இல்லை, ஆனால் எலும்புக்குள் இறங்குகிற குளிர். மச்சாள் அண்ணையின் பழைய கம்பூட்ஸையும் மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு, சாக்கை இழுத்தபடி சேற்றுக்குள் குனிந்து பொத்தி பொறுக்கினார். எப்சமில் பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் நடக்கிற மனிசி. நான் ட்ராக்டரில் உயர உட்கார்ந்து, தேவையில்லாமல்கூட இரண்டு தடவை அந்தப் பக்கமாக ஓட்டிப்போனேன். இதை எழுதும்போதும் எனக்கு வாய் இனிக்கிறது.

மாப்பிள்ளையும் தாயும் பதினொரு மணிக்கு வந்தார்கள். கார் படலையைத் தாண்டி வராது. தாய் சேலைக்கு மேல் கார்டிகன் போட்டு, நல்ல கறுப்புச் சப்பாத்துப் போட்டு வந்திருந்தார். புதிர் என்றால் கும்பம் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருப்பார். வயலுக்குள் நாலடி வைத்ததும் ஒரு சப்பாத்து சேற்றில் மாட்டிக்கொண்டது. காலைத் தூக்கினார், சப்பாத்து வரவில்லை. வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். மகன் என்ன செய்வதென்று தெரியாமல் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இறங்கிப் போய்க் கை கொடுத்திருக்கலாம், ட்ராக்டரில் ஏற்றியிருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தொலைபேசியில் அப்படிக் கேட்ட வாய் அது. நான் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. கடைசியில் அவர் காலைச் சேற்றுக்குள் வைத்தே நடந்து வந்தார்.

அப்போதுதான் எஞ்சினை நிறுத்தி மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் நிமிர்ந்தார். கையில் ஒரு பொத்தி இருந்தது. மூக்கு குளிரில் சிவந்திருந்தது.

"அக்கா, நான் அண்டைக்கு இவவைப் பற்றிச் சொன்னது பொய். இவ நல்ல பிள்ளை. வயிற்றெரிச்சலில சொல்லிப்போட்டன்."

முதலாளியின் மனைவி ஒன்றும் விளங்காமல் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். மாப்பிள்ளையின் தாய் தேநீரை வாங்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சரி. சாதகம் பொருந்தினது பொருந்தினதுதானே. தங்கச்சிக்குச் சொல்லும்."

ட்ராக்டர் ஒருதடவையும் புதையவில்லை. விழாமல் நின்றதையும் மச்சாள் பொறுக்கியதையும் சேர்த்து ஒரு லொறி முழுதாகவே நிறைந்தது. அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மழை, சோளம், மச்சாள், சம்பந்தம், எல்லாம் நான் நினைத்தபடி முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பேசுவதென்றால் அப்போது எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் தெரிந்தவர் ஒருவரின் கடையில் தொலைபேசி இருந்தது. தங்கையை அங்கே வந்து நிற்கச் சொல்லி முதல்நாளே சொல்லியனுப்பினோம். இணைப்புக் கிடைத்தபோது அவள் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் நான் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. மச்சாளைச் சேற்றில் இறக்கிய கதையைச் சொன்னேன். சப்பாத்துக் கதையையும் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த மனிசி சேத்துக்குள்ள நிக்கேக்க நீங்கள் இறங்கேல்லையோ?"

"நான் ஏன் இறங்க வேணும்? எங்களை என்ன கேள்வி கேட்டவ!"

"நீங்கள் ட்ராக்டரில இருந்து பாத்திட்டு உங்கட வீட்டை போயிட்டியள். அவவோட ஒரு வீட்டில இருக்கப்போறது நானெல்லோ. அந்தச் சேறு அவவுக்கு மறக்குமே? அவவின்ரை மகன் மறக்க விடுவானே? எல்லாத்தையும் பாத்தபடி கார்க் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்." பிறகு சொன்னாள். "எனக்கு வேண்டாம் அக்கா. வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

நான் கத்தினேன். உனக்கு விசர் பிடித்துவிட்டதா என்றேன். ஷெல் விழுகிற ஊரில் இருந்துகொண்டு ரோஷம் பார்க்கிறாயா என்றேன். உனக்காகத்தானே இவ்வளவும் செய்தேன் என்றேன்.

"இங்க ஷெல் அடிக்கிறவனுக்கு என்னைத் தெரியாது அக்கா. அங்க எல்லாருக்கும் தெரியும்."

நேரம் முடிந்துவிட்டது என்று ஒப்பரேட்டர் ஆங்கிலத்தில் சொன்னாள். இணைப்பு அறுந்த பிறகும் நான் ரிசீவருக்குள் மச்சாளைத் திட்டிக்கொண்டிருந்தேன். வேறு யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. தங்கை வரவில்லை.